கடிக்காத வெக்டர்

சிம்மக்கல்லில் மிளகாய் வத்தலை மூட்டை மூட்டையாக விற்கும் மொத்தக் கடை ஒன்றின் மாடியில் வைகைச் சமவெளி நீர்நிலைத் தரவு ஒருங்கிணைப்பு ஆணையம் இயங்கி வந்தது. கீழே லாரியிலிருந்து மூட்டை இறக்கினால் மேலே ஆணையம் முழுவதும் தும்மும்.

ஆணையத்திடம் கிணறு கிடையாது. குழாய், மோட்டார், லாரி எதுவும் கிடையாது. அதெல்லாம் வேறு வேறு துறைகளின் சொத்து. எந்த ஊர்த் தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, எந்த ஊரில் இல்லை என்று தெரிந்துகொள்வதுதான் ஆணையத்தின் வேலை. தெரிந்துகொண்டதை லாரி டிரைவர்களிடம் சொல்ல வேண்டும் என்ற பொறுப்பு பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்டது. அதை ஆணையம் ஒரு தொந்தரவாகவே கருதியது.

சனோபர் அங்கே தொகுப்பூதியத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். சென்னையில் ஒரு கம்பெனியில் நிரல் எழுதிக்கொண்டிருந்தவள். கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது அவளும் குறைந்து மதுரைக்குத் திரும்பியிருந்தாள். முதல் நாள் இணை இயக்குநர் பாண்டியராஜன் அவளை அறைக்கு அழைத்து உட்கார வைத்தார். மேடைக்கென்றே செய்த குரல் அவருக்கு. தேநீர் கேட்டால்கூட முன்னுரை, முடிவுரை இரண்டும் இருக்கும்.

"தண்ணீர் இன்று இருக்கும், நாளை இருக்காது. தரவு அப்படியல்ல. ஒருமுறை பதிவாகிவிட்டால் என்றும் இருக்கும். அந்த வகையில் தண்ணீரைவிடத் தரவே உயர்ந்தது. நாம் அந்த உயர்ந்த பொருளைக் கையாள்கிறோம் என்பதை நீங்கள் மறந்துவிடக் கூடாது."

மறக்க மாட்டேன் என்று சனோபர் சொன்னாள்.

ஆணையத்தின் உயர்ந்த பொருள் ஓர் ஆன்லைன் ஷீட்டில் இருந்தது. முதல் வரிசையில் ஊர்களின் பெயர்கள். பக்கத்துக் கட்டத்தில் அந்தந்த ஊர்த் தொட்டி ஆபரேட்டர் தன் போனிலிருந்தே நிலவரத்தை எழுத வேண்டும். ஷீட்டை அழகுபடுத்தும் பொறுப்பு கண்காணிப்பாளர் இம்மானுவேலிடம் இருந்தது. அவசரத்துக்கு மஞ்சள், அதி அவசரத்துக்கு ஆரஞ்சு என்று நிறம் கொடுத்திருந்தார். இணை இயக்குநர் நேரில் பார்வையிட்ட ஊர்களுக்கு மட்டும் ரோஜா நிறம். ஆபரேட்டர்களும் சளைத்தவர்கள் இல்லை. 'ஐயாவுக்கு வணக்கம், தொட்டியில் தண்ணி இல்லை, நலம் நலமறிய ஆவல்' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'இருக்கு, ஆனா உப்பு' என்று இன்னொருவர். இதையெல்லாம் தினமும் காலையில் இம்மானுவேல் ஒவ்வொரு டிரைவருக்கும் போனில் வாசித்துக் காட்டுவார். வணக்கத்தையும் விடமாட்டார். அவர் வாசித்து முடிப்பதற்குள் வெயில் ஏறி, லாரியின் தண்ணீர் வெந்நீராகிவிடும்.

இதைச் சரிசெய்யத்தான் சனோபரை எடுத்தார்கள்.

வேலை பெரிய வேலையாக அவளுக்குத் தெரியவில்லை. ஷீட்டிலிருந்து கட்டங்களைக் கேட்டு வாங்கினால், ஒவ்வொரு கட்டமும் தன் நிறம், எழுத்தின் பருமன், வரிசை எண், திருத்தியவர் பெயர் என்று ஒரு பரிவாரத்தோடு வந்து நிற்கும். அந்தப் பரிவாரத்தை விலக்கி, உள்ளே இருக்கும் செய்தியை மட்டும் எடுத்து, 'இருக்கு', 'இல்லை' என்று ஒரே வரிசையில் நிறுத்த வேண்டும். நிரல் எழுதுகிறவர்கள் இதை எளிய வெக்டர் என்பார்கள். கீழே இறக்கிய மூட்டைகளின் நெடி அடங்குவதற்குள் எழுதி முடித்துவிட்டாள். ஊர்ப்பெயர், எதிரே ஒரு சொல். போனில் பார்த்தால் டிரைவருக்கு ஒரு பார்வையில் புரிந்துவிடும்.

அன்று சாயங்காலம் வீட்டில் அத்தா நாகூர் கனி கேட்டார். "என்னம்மா வேலை குடுத்திருக்காக?"

"கட்டத்துல இருக்கிறதை எடுத்து வரிசையா வைக்கிறது அத்தா."

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு."

"அப்ப நாளையிலிருந்து எதுக்குப் போற?"

சனோபர் சிரித்தாள். அந்தக் கேள்விக்கு ஆணையம் வைத்திருந்த பதில் அப்போது அவளுக்குத் தெரியாது.

மறுநாள் அவள் எழுதிக் கொடுத்த குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு இம்மானுவேல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். தங்கமான மனிதர். யாரையும் கடிந்து பேசமாட்டார். ஆனால் ஒரு சொல் நெருடிவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"சனோபர், 'எளிய வெக்டர்'னு எழுதிருக்கீங்க. இந்த 'எளிய'தான் இடிக்குது."

"ஏன் சார்?"

"ஒரு ஆணையமே இத்தனை வருசமா செஞ்ச வேலை. எளியதுன்னு எழுதினா மேல படிக்கிறவங்க என்ன நினைப்பாங்க? எளியதுக்கு எதுக்கு ஆணையம்னு ஒரு வரி எழுதிட்டா நம்ம கதி என்ன? கீழ மிளகாய்க் கடையில கணக்கு எழுதப் போகவா?"

விஷயம் இணை இயக்குநரிடம் போனது. பரிவாரத்தை விலக்குவது என்றால் என்ன என்று அவர் கேட்டார். அவருக்குப் புரியும்படி சொல்ல நினைத்து சனோபர் ஓர் உதாரணம் சொன்னாள்.

"விழாவுக்கு வந்தவருக்கு மாலை, பொன்னாடை எல்லாம் போட்டிருப்பாங்கல்ல சார். அதையெல்லாம் கழட்டி வச்சிட்டு, ஆளை மட்டும் நாற்காலியில உக்கார வைக்கிற மாதிரி."

பாண்டியராஜனின் முகம் மாறிவிட்டது. "மாலையைக் கழற்றிவிட்டால் வந்திருப்பவர் யார் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.  அந்தக் கோணத்தில் சனோபர் யோசித்திருக்கவில்லை.

கடைசியில் 'எளிய' நீங்கியது. கோப்புக்கு 'வெக்டர் உருவாக்கம் மற்றும் பெருக்கத் திட்டம்' என்று பெயர் வைத்து, கருத்துரை கேட்டுப் பல துறைகளுக்கும் அனுப்பினார்கள். பெருக்கம் என்ற சொல்லைச் சேர்த்தது பாண்டியராஜன். எந்தத் திட்டத்துக்கும் வளர்ச்சி தொனிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

கருத்துரை முதலில் வந்தது கொசு ஒழிப்புப் பிரிவிலிருந்து. கருத்துரையாக வரவில்லை, ஆளாகவே வந்தது. காலையில் ஆணையத்தின் படிக்கட்டில் திடுதிடுவென்று சத்தம். முகத்தில் துணி கட்டிய நாலைந்து பேர் புகை அடிக்கும் மெஷினோடு மேலே ஏறி வந்தார்கள். மருத்துவமும் சுகாதாரமும் படித்தவர்கள் அகராதியில் வெக்டர் என்றால் நோயைச் சுமந்து திரியும் கொசு.

முன்னால் வந்த மேற்பார்வையாளர் கேட்டார். "இங்க வெக்டர் உற்பத்தி பண்றது யாரு?"

எல்லோரும் சனோபரைக் காட்டினார்கள்.

"எங்கம்மா வளக்குறீங்க? தொட்டியா, டயரா?"

"கம்ப்யூட்டர்ல சார்."

மேற்பார்வையாளர் கம்ப்யூட்டரின் பின்பக்கம் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். ஒன்றும் தென்படாததில் அவருக்குச் சந்தேகம் அதிகமானது. "பெருக்கத் திட்டம்னு எழுத்துமூலமா ஒத்துக்கிட்டிருக்கீங்க. நாங்க நடவடிக்கை எடுக்கலைன்னா எங்க மேல வரும்" என்று சொல்லிவிட்டு மெஷினை இழுத்து விட்டார்.

புகை ஆணையத்தை நிறைத்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டே அறையிலிருந்து வெளிவந்த பாண்டியராஜன், புகைக்கு நடுவில் நின்று, சற்றும் குரல் தளராமல் விளக்கம் கொடுத்தார். "இது தரவு சார்ந்த வெக்டர். எங்கள் வெக்டர் பறக்காது. கடிக்காது. இதுநாள் வரை இந்த ஆணையத்தின் எந்தச் செயல்பாட்டாலும் எவருக்கும் எந்த விளைவும் ஏற்பட்டதில்லை என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

மேற்பார்வையாளர் அதை அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். கீழே மிளகாய்க் கடைக்காரர், தன் வாழ்நாளில் முதல்முறையாக, மேலே இருப்பவர்களால் தும்மினார்.

அதன்பின் பட்டியலைச் சோதித்துப் பார்க்க ஒரு கூட்டம் போட்டார்கள். சனோபர் சுவரில் பட்டியலைக் காட்டினாள். 'இருக்கு', 'இல்லை', 'இருக்கு' என்று வரிசையாக இறங்கி வந்தது. ஊத்தடிப்பட்டி என்ற ஊருக்கு எதிரே மட்டும் 'தெரியவில்லை' என்று இருந்தது. அந்த ஊர் வாய்க்கால் ஓரத்து ஊர். தொட்டி எப்போதும் வழியும். வழிகிற தொட்டியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று ஆபரேட்டர் சோணை கட்டத்தைக் காலியாகவே விட்டிருந்தான்.

இம்மானுவேல் மெதுவாகக் கேட்டார். "இது யாருக்குத் தெரியவில்லை?"

"நமக்குத்தான் சார். கட்டம் காலியா இருக்கு."

 பாண்டியராஜன் எழுந்து நின்றார். உட்கார்ந்தே பேசக்கூடிய விஷயமாக அது அவருக்குப் படவில்லை.

"தெரிந்துகொள்வதற்கென்றே அமைக்கப்பட்ட ஆணையம் இது. தனக்குத் தெரியவில்லை என்று அது தினந்தோறும், அதுவும் லாரி டிரைவர்களுக்கு, எழுத்துமூலம் அறிவிப்பதா? நமக்குத் தெரியாமல் இருக்கலாம். அது இயற்கை. ஆனால் நமக்குத் தெரியாது என்பது பிறருக்குத் தெரியக் கூடாது. நிர்வாகம் என்பதே அதுதான்."

ஒரு கோடு போட்டுவிடலாம் என்றாள் சனோபர். கோடு போட்டால் அடித்துத் திருத்தியதுபோல் இருக்கும், தணிக்கையில் கேட்பார்கள் என்றார் இம்மானுவேல். 'இல்லை' என்று போட்டால் லாரி போய்விடும். 'இருக்கு' என்று போட்டால் அதற்கு யார் கையெழுத்துப் போடுவது? கடைசியில் முடிவு எட்டப்பட்டது. காலிக் கட்டங்களை ஆராய இம்மானுவேலைச் செயலாளராகக் கொண்டு ஒரு குழு அமைப்பது. குழுவின் அறிக்கை வரும்வரை காலிக் கட்டத்தை எண்ணாமல் விட்டுவிடுவது.

சனோபர் குறுக்கிட்டாள். "சார், அது கூடாது. ஊர்ப்பெயர் ஒரு வரிசை, நிலவரம் ஒரு வரிசை. நிலவர வரிசையில ஒண்ணை மட்டும் உருவிட்டா, அதுக்குக் கீழ உள்ளதெல்லாம் ஒரு ஊர் மேல ஏறிரும். பந்தியில இலைக்கு இலை பேர் எழுதி வச்சிருக்கோம்னு வைங்க. ஒருத்தர் வரலைன்னு மத்தவங்க எல்லாம் ஒரு இலை முன்னாடி தள்ளி உக்காந்தா, சர்க்கரை நோயாளி இலையில பாயசம் விழும்."

"பந்தியில் முன்னால் நகர்வது நல்லதுதானே!" என்றார் பாண்டியராஜன் மகிழ்ச்சியுடன். "காலி இலை இல்லாத பந்திதான் நிறைவான பந்தி."

"எங்க வீட்டு விசேஷத்துலயும் தள்ளித்தான் உக்கார வைப்போம்" என்றார் இம்மானுவேல்.

அப்படி மாற்றச் சொல்லி எழுத்தில் உத்தரவு தாருங்கள் என்று சனோபர் கேட்டாள். எழுத்தில் கேட்டால் பயந்து பின்வாங்குவார்கள் என்று நினைத்தாள். அவர்கள் அகமகிழ்ந்து உடனே எழுதிக் கொடுத்தார்கள். ஓர் ஊழியர் தானாகவே உத்தரவு கேட்டு வாங்கியது ஆணையத்தின் வரலாற்றில் அதுவே முதல்முறை.

பட்டியல் வெளியீட்டு விழாவில் பாண்டியராஜன் ஒரு பொத்தானை அழுத்தினார். டிரைவர் விருமாண்டியின் போனில் பட்டியல் போய் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் சனோபரின் மேசையில் இருந்த புகார் போன் அடித்தது.

"பாப்பா, விருமாண்டி பேசுறேன். ஊத்தடிப்பட்டில தண்ணி இல்லைன்னு வந்திருக்கு. லாரியைக் கொண்டாந்து நிறுத்திட்டேன். இங்க தொட்டி வழிஞ்சு எருமை படுத்துக் கெடக்கு. சோணை அந்தத் தண்ணில வாழை போட்டுத் தார் வெட்டிட்டான். இந்தத் தண்ணியை எங்குட்டுக் கொட்ட?"

"அண்ணே, அடுத்த ஊருக்குப் போங்க. செங்கரட்டுப்பட்டிக்கு."

"அங்க 'இருக்கு'ன்னு போட்டிருக்கே. மீறிப் போனா காண்ட்ராக்டர் என் சீட்டைக் கிழிச்சிருவாரு பாப்பா."

அவர் வைத்ததும் போன் மறுபடி அடித்தது. இந்தமுறை ஒரு பெண்குரல்.

"ஏத்தா, தண்ணி ஆபீசா? செங்கரட்டுப்பட்டி பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கிறவ பேசுறேன், சுந்தரம்மா. நேத்து வீடுவீடாப் போயி செம்பு செம்பா வாங்கி உலை வச்சேன். இன்னைக்கு அரிசி களையக்கூடத் தண்ணி இல்ல. வீட்டுல கஞ்சி குடிக்காம வார பிள்ளைக பாதிப் பேரு. தட்டை எடுத்துக்கிட்டு உக்காந்திருச்சுக. என்னத்தப் போடச் சொல்ற?"

சனோபர் வாய் திறப்பதற்குள் இம்மானுவேல் போனை வாங்கிக்கொண்டார். பட்டியலைப் பார்த்தார்.

"அம்மா, உங்க ஊர்ல தண்ணி இருக்கு."

"எங்கய்யா இருக்கு?"

"பட்டியல்ல இருக்கும்மா."

"அப்ப அந்தப் பட்டியலைப் பிழிஞ்சு உலை வைக்கவா?"

இம்மானுவேல் போனைப் பொத்திக்கொண்டு, அது முடியுமா என்பதுபோல் சனோபரைப் பார்த்தார்.

அன்று செங்கரட்டுப்பட்டியில் பிள்ளைகளை மதியத்துக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பினார்கள். சுந்தரம்மாளே திரும்பக் கூப்பிட்டுச் சொன்னாள். சத்தம் போடவில்லை. "அனுப்பிட்டோம்த்தா. தட்டைக் கழுவுற வேலை மிச்சம்" என்றாள். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை என்று சனோபருக்கு இருந்தது. கொண்டுவந்த சாப்பாட்டை அவள் பிரிக்கவில்லை.

இணை இயக்குநர் அவசரக் கூட்டம் கூட்டினார். பட்டியல் உத்தரவுப்படி தயாரானது, எனவே பட்டியலில் தவறு இருக்க முடியாது என்பதில் எல்லோரும் ஒத்துப்போனார்கள். அப்படியானால் தவறு ஊர்களிடம்தான் இருக்க வேண்டும். ஊத்தடிப்பட்டி தொடங்கிக் கீழே உள்ள ஊர்கள் தத்தம் பெயர்ப்பலகையை அடுத்த ஊரில் நட்டுக்கொள்ள ஆவன செய்யுமாறு சம்பந்தப்பட்ட துறையைக் கேட்டு ஒரு கடிதம் தயாரானது. ஊத்தடிப்பட்டிக்கு மாட்டப் பெயர் இருக்காது என்பதை ஒருவர் சுட்டிக்காட்டினார். அந்த ஊருக்குப் புதுப் பெயர் சூட்ட இன்னொரு குழு.

சனோபர் வெளியே வந்து படிக்கட்டில் நின்று சோணைக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, உங்க கட்டத்துல எதாச்சும் எழுதுங்கண்ணே. ஒரே ஒரு வார்த்தை."

"வழியுதுன்னு எழுதினா அளவு வச்சுத் தண்ணியை அடைச்சிருவாகளேம்மா. என் வாழை?"

"வழியுதுன்னு எழுத வேணாம். இருக்குன்னு எழுதுங்க. நீங்க எழுதாம விட்டதால பக்கத்து ஊருல பிள்ளைக சாப்பிடாம வீட்டுக்குப் போயிருக்கு."

 "எம்புட்டுப் பேரு?" என்று சோணை கேட்டான்.

"பள்ளிக்கூடம் மொத்தமும்."

அன்றைக்கே எழுதிவிட்டான். மறுநாள் பட்டியலில் ஒவ்வொரு நிலவரமும் தன்தன் ஊருக்கு எதிரே வந்து உட்கார்ந்தது. விருமாண்டியின் லாரி ஊத்தடிப்பட்டியைத் தாண்டி செங்கரட்டுப்பட்டிக்குப் போனது. "சோறும் சாம்பாரும் போட்டாச்சுத்தா, முட்டை ஆளுக்கு ஒண்ணு" என்று சுந்தரம்மாள் போனில் சொன்னபோது சனோபர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மிளகாய் நெடி என்று பக்கத்திலிருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அந்த நிம்மதி நீடிக்கவில்லை. இரண்டொரு நாளில் காலிக் கட்டக் குழு தன் முதல் ஆய்வுக்கு உட்கார்ந்தது. ஷீட்டைத் திறந்தால் காலிக் கட்டத்தைக் காணவில்லை. குழுவுக்கு நாற்காலி வாங்கியாகிவிட்டது. வெளியூரில் இதேபோன்ற காலிக் கட்டங்களைப் பார்வையிட்டு வரப் பயணமும் முடிவாகியிருந்தது. இம்மானுவேல் உடைந்துபோனார். ஓய்வுபெறும் முன்பு அவருக்குக் கிடைத்த முதல் செயலாளர் பதவி அது.

விசாரணையில் சனோபர் மறைக்கவில்லை. "நான்தான் சார் எழுதச் சொன்னேன்."

"குழு நடப்பில் இருக்கும்போது குழுவின் ஆய்வுப் பொருளையே அகற்றியிருக்கிறீர்கள்" என்றார் பாண்டியராஜன். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தமே அதிகமாக இருந்தது. "பிரச்சினை தீர்வது வேறு, முறைப்படி தீர்வது வேறு. இப்படி ஒரு வார்த்தையில் பிரச்சினைகள் தீர ஆரம்பித்தால், ஆணையங்களை நம்பியிருக்கும் குடும்பங்களின் நிலை என்ன என்று ஒரு கணம் யோசித்தீர்களா?"

"பிள்ளைக பசியை யோசிச்சேன் சார்."

"பசி நம் அதிகார வரம்பில் வராது."

சோணையின் 'இருக்கு' அழிக்கப்பட்டது. கட்டத்துக்குப் பூட்டுப் போட்டு, ஊதா நிறம் தீட்டினார்கள். பட்டியல் மறுபடி ஓர் ஊர் மேலே ஏறிக்கொண்டது. சனோபரின் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடித்துக்கொள்ளப்பட்டது. இம்மானுவேல் கீழே வாசல்வரை வந்து வழியனுப்பினார். "மனசுல வச்சுக்காதீங்க. நீங்க எழுதினது நல்லாத்தான் இருந்துச்சு. கொஞ்சம் சீக்கிரமா முடிச்சிட்டீங்க, அதான்" என்றார்.

 வீட்டுக்கு வந்தவளின் முகத்தைப் பார்த்துவிட்டு அத்தா டீயை ஆற்றி முன்னால் வைத்தார். அவள் குடிக்காமல் லேப்டாப்பைத் திறந்தாள். நிறமில்லாத, தலைப்பில்லாத புது ஷீட் ஒன்றைத் தொடங்கினாள். ஊர்ப்பெயருக்கு ஒரு வரிசை, பக்கத்தில் ஒரு வரிசை. பிறகு சுந்தரம்மாளைக் கூப்பிட்டாள்.

"அக்கா, காலையில தொட்டியில தண்ணி இருக்கா இல்லையான்னு ஊருல மொத ஆளா யாருக்குத் தெரியும்?"

"இதென்ன கேள்வி? உலை வைக்கிறவளுக்குத்தான் தெரியும்."

"எல்லா ஊர் பள்ளிக்கூடத்துலயும் சமைக்கிறவங்க உங்களுக்குப் பழக்கமா?"

"மாசக் கூட்டத்துல பாத்துக்குறவளுகதானே. என்ன செய்யணும், சொல்லு."

அத்தா பக்கத்தில் வந்து திரையை எட்டிப் பார்த்தார். "மறுபடியும் கட்டமா?" என்றார். "ஆபீஸ் வேணாம்னு அனுப்பினதை நீ எதுக்குச் சும்மா செய்யிற?"

"அங்க இருக்கும்போதுதான் அத்தா சும்மா இருந்தேன்" என்றாள் சனோபர்.

சமையல்காரப் பெண்களில் சிலர் எழுதக் கூச்சப்பட்டார்கள். ஒரு சொல்தான் என்றதும் கூச்சம் போய்விட்டது. யாராவது எழுத மறந்தால் அந்தக் கட்டம் தன் இடத்திலேயே நிற்கும், எதிரே 'கேட்டுச் சொல்' என்று வரும். பக்கத்து ஊர்க்காரி போன் போட்டு, "ஏண்டி, இன்னும் எந்திரிக்கலையா?" என்பாள். உடனே நிரம்பிவிடும். பட்டியல் விருமாண்டிக்குப் போனது. அவர் காண்ட்ராக்டருக்குக் காட்டினார். ஒரே நாளில் நாலு லாரி வீணாக அலையும் டீசல் மிச்சமானதைப் பார்த்துவிட்டு, காண்ட்ராக்டர் வேறு எதுவும் கேட்கவில்லை. ஆணையத்தின் பட்டியலும் தினமும் வந்தது. கிடைக்கப்பெற்றேன் என்று டிரைவர்கள் பதில் போட வேண்டும். ஆணையம் அவர்களிடம் எதிர்பார்த்தது அது ஒன்றைத்தான். விருமாண்டி தவறாமல் போட்டுவிட்டு, லாரியை வேறு திசையில் திருப்பினார்.

புகார் போன் அடிப்பது நின்றுபோனது. புகாரே இல்லாத ஆணையம் என்று பாண்டியராஜன் மேலிடத்துக்கு எழுதினார். காலிக் கட்டக் குழு இரண்டாம் ஆண்டுக்கு நீட்டிக்கப்பட்டது.

கோடை முற்றிய ஒருநாள், புதிதாகச் சேர்ந்த சமையல்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்க சனோபர் செங்கரட்டுப்பட்டிக்குப் போயிருந்தாள். சத்துணவுக் கூடத்தில் அண்டாவில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. சுந்தரம்மாளின் போன் அடித்தது. கை ஈரம். சனோபர் எடுத்து ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தாள்.

"வணக்கம். வைகைச் சமவெளி நீர்நிலைத் தரவு ஒருங்கிணைப்பு ஆணையத்தின் இணை இயக்குநர் பேசுகிறேன். டிரைவர் விருமாண்டி உங்கள் எண்ணைத் தந்தார். அலங்காநல்லூர் சாலையில் புதிதாக உருவாகியுள்ள எங்கள் குடியிருப்புப் பகுதியின் மேல்நிலைத் தொட்டியின் நீர் இருப்பு நிலையானது, கடந்த சில தினங்களாக, எதிர்பாராத காரணங்களால், திருப்திகரமான நிலையில் உள்ளது என்று கூற இயலாத..."

சனோபர் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சுந்தரம்மாள் அண்டாவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சார், சோறு குழையிற பதத்துல இருக்கு. தண்ணி இருக்கா, இல்லையா?"

"அதாவது, இருப்பு என்பதை நாம் எந்தப் பொருளில் வரையறுக்கிறோம் என்று பார்க்கும்போது..."

"இருக்கா, இல்லையா?"

மறுமுனையில் யாரோ காலி வாளியைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெண்குரல், போனுக்குப் பக்கத்திலேயே. "இல்லைன்னு சொல்லித் தொலைங்களேன்!"



"இல்லை" என்றார் பாண்டியராஜன்.

சுந்தரம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, போனை வாங்கி, அந்தக் காலனிக்கு ஒரு கட்டம் போட்டு, அந்த ஒரு சொல்லை எழுதினாள். லாரி எப்போது வரும் என்று அவர் கேட்டார். கேட்ட குரலில் மேடை இல்லை.

"வரிசைப்படி வரும் சார்" என்று சொல்லிவிட்டு, அவள் சோற்றை வடிக்கப் போனாள்.